நகர மரங்கள்: வெயில், வெப்பம், புழுக்கம்

நகரங்கள் தம்மைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தைவிட வெப்பமாக இருக்கும் நிலையை ‘நகர்ப்புற வெப்பத்தீவு’ என்பர். கற்காரையும் தாரும் பகலெல்லாம் கதிரவனின் வெம்மையை உள்வாங்கி, இருட்டிய பின் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. ஊர்திகளும் குளிரூட்டிகளும் தம் பங்கிற்குச் சூடேற்றுகின்றன. ஆதலால் இவ்வேறுபாடு நண்பகலைவிட இரவிலேயே மிகுதியாகப் புலப்படும். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வொன்று, மரமடர்ந்த பகுதிக்கும் நகர மையத்திற்கும் இடையே ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ் வேறுபாட்டைக் கண்டறிந்தது.

மரம் குளிர்ச்சி தரும் என்பதை யாவரும் அறிவர். அஃது எவ்வாறு என விளக்கப் புகுவோர் நீராவிப்போக்கையே முதலில் சுட்டுவர். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 24 இலட்சம் ஜூல் ஆற்றல் தேவை. இலை அதனைத் தன் சுற்றுப்புறத்திலிருந்தே பெறுகிறது. விளக்கம் சரியானதே. ஆயினும், ஈரம் நிறைந்த காற்று மேலும் ஈரத்தை எளிதில் ஏற்பதில்லை. நம் வட்டாரக் காற்றோ ஆண்டு முழுதும் ஈரம் மிக்கது. வறண்ட நாட்டு நகரங்களுக்குப் பொருந்தும் விளக்கத்தை இங்கு அப்படியே எடுத்தாள இயலாது.

இவ்விடத்தில் தமிழ்ச் சொற்களே நமக்குக் கைகொடுக்கின்றன. நாம் வெயில், வெப்பம், புழுக்கம் என மூன்றாகப் பகுத்து வழங்குகிறோம். வெயில் என்பது நேரே வந்து விழும் கதிர். அதன் எதிர்ச்சொல் நிழல். வெப்பம் காற்றின் நிலையைக் குறிக்கும். அதன் எதிர்ச்சொல் தட்பம். காற்று அசையாமல் ஈரம் மிகுந்து வியர்வை உலராதிருப்பது புழுக்கம். சாலையோர மரம் பெரிதும் நீக்குவது வெயிலை. வெப்பத்தைச் சற்றே குறைக்கும். புழுக்கத்தைத் தீர்க்காது, காற்றோட்டம் தடைபடுமாறு நெருக்கி நட்டால் அதனைக் கூட்டவும் கூடும். நண்பகலில் நிழல்படும் தார்ச்சாலைக்கும் வெயில்படும் தார்ச்சாலைக்கும் மேற்பரப்பு வெப்பநிலை 10 பாகைக்கு மேலும் வேறுபடும். காற்றின் வெப்பநிலையோ அந்த அளவிற்கு மாறுவதில்லை. நடந்து செல்பவரின் உடல் உணரும் ஆறுதலில் பெரும்பங்கு நிழலுடையது.

எனவே மரத்தின் குடை அகலமே இங்கு முதன்மை பெறுகிறது. தென்னமெரிக்காவிலிருந்து 1876-இல் சிங்கப்பூருக்கு வந்த தூங்குமூஞ்சி மரம் இதற்குத் தக்க சான்று. தைப்பிங் ஏரிப் பூங்காவில் நீரின்மேல் கவிந்து நிற்பனவும் இவையே. மாலையில் இலைகளைக் கூம்பிக்கொள்வதால் மலாய்க்காரர் இதனைப் ‘புக்குல் லிமா’ (ஐந்து மணி) மரம் என்பர். பகலில் நிழல் தரும் இம்மரம், இரவில் தரையின் வெம்மை வானோக்கி வெளியேறவும் ஓரளவு வழிவிடுகிறது. 1967-இல் பூங்கா நகரத் திட்டம் தொடங்கியபின், விரைவாக நிழல் பெறும்பொருட்டு அங்சானா மரத்தின் பெருங்கிளைகளை வெட்டி நட்டனர். இது சங்க இலக்கிய வேங்கைக்கு உறவினம். மஞ்சள் பூக்கள் உதிர்ந்து தரையை மூடும் காட்சியை மாணவர்க்கு நேரிலேயே காட்டலாம்.

சிங்கப்பூர் 2020-இல், பத்தாண்டுகளில் பத்து இலட்சம் மரங்களை நடும் இயக்கத்தைத் தொடங்கியது. வரவேற்கத்தக்கதே. ஆனால் நிழல் எண்ணிக்கைக்கு அடங்குவதில்லை. முதிர்ந்த தூங்குமூஞ்சி ஒன்றின் குடை 30 மீட்டர் அகலம் வரை விரியும். பரப்பு ஏறத்தாழ 700 சதுர மீட்டர். 2 மீட்டர் குடையுள்ள இளமரத்திற்கோ 3 சதுர மீட்டரே. சாலையை அகலப்படுத்த ஒரு பழைய மரத்தை வீழ்த்திப் பத்துக் கன்றுகளை நட்டால், ஏட்டில் ஒன்பது மரங்கள் கூடுதல். வெயிலில் நடப்பவருக்கோ பல்லாண்டுகளுக்கு இழப்பு. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் ஊர்களில் நண்பகல் நிழல் பெரும்பாலும் குடையின் அளவே இருக்கும். பள்ளி வளாகத்து மரங்களின் நிழலை மாணவர்கள் அடியளந்து, வட்டத்தின் பரப்பளவு வாய்பாட்டைக் கொண்டு இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம்.