தெருவில் பிறந்த ஆட்டம்: ஹிப்-ஹாப்பும் பறையும்



ஆட்டத்தின் பெருமைக்குப் பெயர் பெற்ற ஊர் சிதம்பரம். தில்லைக் கோபுரத்தில் 108 கரணங்கள் கல்லில் நிற்கின்றன. 1981 முதல் இங்கே நாட்டியாஞ்சலி நடக்கிறது. நம் சேரித் தெருக்களில் ஆடிய கால்களைத்தான் யாரும் கல்லில் வடிக்கவில்லை. அப்படி மதிக்கப்படாத இன்னொரு மக்கள் உருவாக்கிய ஆட்டம் ஹிப்-ஹாப். அதன் கதை நமக்கும் பயன்படும்.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நெடுஞ்சாலைக்காகக் குடியிருப்புகளை இடித்தார்கள். வேலைகள் போயின, வீடுகள் எரிந்தன. கறுப்பின மக்களும் புவேர்ட்டோ ரிக்கோ மக்களும் அங்கே வாழ்ந்தார்கள். 1973 ஆகஸ்ட் 11 அன்று ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் நடந்த கொண்டாட்டத்தில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர் இசைத்தட்டு போட்டார். பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் கூட்டம் உச்சத்தில் ஆடுகிறது என்பது அவர் கண்டது. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி அந்தத் தாளத்தை நீட்டினார். அதற்குப் பெயர் பிரேக். அதில் ஆடியவர்கள் பி-பாய், பி-கேர்ள்.

பிரேக்கிங்கில் நான்கு கூறுகள் உண்டு. நின்று ஆடுவது டாப்ராக். கைகளைத் தரையில் ஊன்றிக் கால்களை ஓட்டுவது டவுன்ராக். முதுகிலும் தலையிலும் சுழல்வது பவர்மூவ். தாளத்தோடு சட்டென்று உறைந்து நிற்பது ஃப்ரீஸ். இதே காலத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வேறு இரண்டு பாணிகள் வளர்ந்தன. லாஸ் ஏஞ்சலஸில் டான் கேம்ப்பெல் உருவாக்கியது லாக்கிங். அசைவை நடுவில் பூட்டி நிறுத்துவது. ஃப்ரெஸ்னோவில் பூகலூ சாம் வளர்த்தது பாப்பிங். தசையை இறுக்கி விட்டு உடலை அதிரவைப்பது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் ஒரு போட்டியாகவே இடம்பெற்றது.

பறையாட்டம் நமக்குத் தெரிந்தது. தீயில் காய்ச்சிய தோல், அடிக்குச்சி, சிண்டுக்குச்சி. ஒத்தையடி, சாவடி, மருளடி, சாமிச்சாட்டு என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு கால்வைப்பு. இங்கும் தாளமே உடலை நடத்துகிறது. இங்கும் தெருவே மேடை.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. பிராங்க்ஸ் பிள்ளைகளை ஆடச் சொல்லி யாரும் கட்டளையிடவில்லை. நம் முன்னோர்மீது பறை சுமத்தப்பட்டது. ஊர்ச் சாவுக்கு அடித்தாக வேண்டும், மறுத்தால் தண்டனை. அதனால்தான் 'இனி அடிக்க மாட்டோம்' என்று ஒரு தலைமுறை குச்சியைக் கீழே போட்டது. 1916இல் இதே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கியதும் பிள்ளைகளை அந்த அடிமைத் தொழில்களிலிருந்து மீட்கும் வழிதான். பின்னர் தலித் கலைவிழாக்களில் பறை விடுதலையின் கருவியாக மேடையேறியது. 2018இல் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் ராப்பையும் சாதி எதிர்ப்பின் குரலாக ஒரே மேடையில் சேர்த்தது.

போட்டவர்களும் எடுத்தவர்களும் ஒரே போராட்டத்தின் இரு பக்கங்கள். இருவருமே கட்டளையைத்தான் மறுத்தார்கள்.

இன்று கடலூரிலும் சிதம்பரத்திலும் நம் பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்துப் பாப்பிங் பழகுகிறார்கள். பழகட்டும். அதை உருவாக்கியவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம். சினிமாவில் நம் குத்துக்குக் கைதட்டிவிட்டு, ஊர்ச் சாவுக்கு நம்மையே அடிக்கக் கூப்பிடுகிறவர்களிடமும் ஒன்றைச் சொல்வோம்: ஆடுவது எங்கள் விருப்பம், மறுப்பது எங்கள் உரிமை.