பேராமை மூச்சு வாங்கும் நேரம்

2024 ஜூன் 29 இரவு நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் தொலைக்காட்சி அணையவே இல்லை. பார்படாஸ் தீவின் தலைநகரமான பிரிட்ஜ்டவுனில், கென்சிங்டன் ஓவல் மைதானத்தில் இந்தியா டி20 உலகக் கோப்பையை வென்ற இரவு அது. அந்த மைதானத்துக்குப் பக்கத்திலேயே சொகுசுக் கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகம் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே ஊரைக் கடந்தால் பிறை போல வளைந்த கார்லைல் விரிகுடா. கரையிலிருந்து சற்றே நீந்தினால் போதும், பேராமைகள் கண்ணில் படும் இடம்.

கப்பல் காலையில் வந்து மாலையில் கிளம்பிவிடும். நடுவில் கிடைக்கும் அந்த ஒரு பகலில் ஆமையோடு நீந்திவிட வேண்டும் என்று பயணிகள் துடிக்கிறார்கள். பெரும்பாலோரை ஏற்றிப் போவது பெரிய கட்டமரான் படகு. கேட்டதும் காது குளிரும் சொல்தான். நம் கட்டுமரத்தைப் பார்த்து ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்ட பெயர் அது. இன்று இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகைக் குறிக்கிறது. பாட்டும் பானமுமாகப் போகும் அந்தப் படகிலிருந்து பல பத்துப் பேர் ஒரே நேரத்தில் கடலில் குதிப்பார்கள். கீழே இரண்டு மூன்று ஆமைகள் இருக்கும்.

இந்தக் கணக்குதான் என்னை உறுத்துகிறது. ஆறு பேர், எட்டுப் பேர் என்று சிறு குழுவாகப் போவதைக் காசுள்ளவர்களின் சொகுசாகவே பலரும் நினைக்கிறார்கள். நான் அதை ஆமையின் நுரையீரலிலிருந்து பார்க்கிறேன்.

கடலாமைக்குச் செவுள் கிடையாது. நம்மைப் போலவே காற்றைத்தான் சுவாசிக்கிறது. அசையாமல் உறங்கும்போது மணிக்கணக்கில் மூச்சை அடக்கி நீருக்கடியில் கிடக்கும். மேய்ந்துகொண்டோ நீந்திக்கொண்டோ இருந்தால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். தலையை நீட்டி, ஒரே வீச்சில் பழைய காற்றைத் தள்ளிப் புதிய காற்றை இழுத்துவிட்டுக் கீழே போய்விடும். ஓரிரு விநாடி வேலை. ஆனால் அந்த ஓரிரு விநாடிக்கு அதன் தலைக்கு மேல் திறந்த நீர் வேண்டும். மேலே கால்களும் துடுப்புக் காலணிகளும் கூரை போலப் பரந்து கிடந்தால் அது திசை மாற்றி வேறு இடம் தேடி நீந்தும். மூச்சு தீரும் தறுவாயில் செய்யும் அந்தக் கூடுதல் நீச்சலுக்கும் மிச்சமிருக்கும் ஆக்சிஜன்தான் செலவாகிறது.

பேராமை என்பது நம் மீனவர் வைத்த பெயர். ஆங்கிலத்தில் இதைப் பச்சை ஆமை என்பார்கள். ஓட்டின் நிறத்தால் வந்த பெயரில்லை. உள்ளே இருக்கும் கொழுப்பு பச்சையாக இருப்பதால் வந்தது. அந்தக் கொழுப்பைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் அதை வெட்டிச் சமைத்தவர்கள். பார்படாசிலும் ஆமை இறைச்சிக்கு நெடுங்காலம் சந்தை இருந்தது. 1998இல் ஆமையைப் பிடிப்பதும் அதன் முட்டையை எடுப்பதும் அங்கே முற்றிலும் தடை செய்யப்பட்டன. வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தின் கேவ் ஹில் வளாகத்தில் ஜூலியா ஹாரக்ஸ் தலைமையில் வளர்ந்த பார்படாஸ் கடலாமைத் திட்டம் பல ஆண்டுகளாக அந்தக் கரைகளைக் காத்துவருகிறது.

இதில் ஒரு விநோதம் உண்டு. பார்படாஸ் மணலில் பெருமளவில் முட்டையிடுவது பேராமை அல்ல, கூர்ந்த அலகுள்ள அழுங்காமை. விரிகுடாவில் மேயும் இளம் பேராமைகள் வேறெங்கோ பிறந்தவை. அவற்றின் மரபணுவை ஆராய்ந்தபோது அவை ஒரே இடத்திலிருந்து வந்தவை அல்ல என்று தெரிந்தது. கோஸ்டா ரிகா, ஃபுளோரிடா, சூரினாம் பக்கம், தெற்கு அட்லாண்டிக்கின் நடுவில் தனியே நிற்கும் அசென்ஷன் தீவு என்று பல கரைகளின் பிள்ளைகள் அங்கே கலந்திருந்தன. அசென்ஷனிலிருந்து பார்படாசுக்கு 5,000 கிலோமீட்டருக்கு மேல். உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சு, நீரோட்டத்தின் போக்கில் மிதந்து, சில ஆண்டுகள் திறந்த கடலில் கழித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. இனப்பெருக்க வயதை எட்ட இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அதன்பின் புவிகாந்தப் புலத்தை வழிகாட்டியாகக் கொண்டு, பிறந்த பகுதிக்கே முட்டையிடத் திரும்பும்.

திறந்த கடலில் திரியும் வயதில் பேராமை கிடைத்ததை எல்லாம் தின்னும். கரையோரம் வந்து தங்கிய பிறகு மெல்ல மெல்லக் கடற்புல்லுக்கும் பாசிக்கும் மாறுகிறது. மாடு புல்லைச் செரிப்பது போல, அதன் பின்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லின் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக்கித் தருகின்றன. மேய்ச்சலிலும் அதற்கு ஒரு நுணுக்கம் தெரியும். ஒரு திட்டைக் கடித்துவிட்டு, அங்கே துளிர்விடும் இளம்புல்லைத் தேடி மறுபடியும் அதே திட்டுக்கு வரும். துளிரில் சத்து அதிகம், நார் குறைவு. பஹாமாஸ் கடலில் ஆமை ஆய்வாளர் கேரன் பியோர்ண்டால் இதைக் கவனித்து எழுதினார். நம் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் பேராமைகள் கடற்புல்லைத் தேடித்தான் வருகின்றன.

இப்படிப்பட்ட வயிற்றுக்குள் மீன் துண்டைப் போட்டால் என்ன ஆகும்? பார்படாசின் மேற்குக் கரையில் மீனவர்கள் மீன் கழிவை வீசப்போய், ஆமைகள் படகைத் தேடி வரத் தொடங்கின. சுற்றுலா அதையே தொழிலாக்கிக்கொண்டது. தீனி பெறும் ஆமைகளை ஆராய்ந்தவர்கள் உடல் எடையிலும் ரத்தத்தின் வேதிக்கூறுகளிலும் வேறுபாடுகளைக் கண்டார்கள். எனக்கு அதைவிடக் கவலை தருவது பழக்கம். எஞ்சின் சத்தம் கேட்டதும் இரை வருகிறது என்று மேலே வரும் ஆமை, இரை தராத படகின் சுழலிக்கும் அதே நம்பிக்கையோடுதான் வரும்.

ஆகவே முன்பதிவு செய்யும்போது விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஆமைக்குத் தீனி போடுவீர்களா? போடுவோம் என்றாலோ மழுப்பினாலோ அடுத்தவரைப் பாருங்கள். வழிகாட்டியும் உங்களோடு தண்ணீரில் இறங்குவாரா, ஒரு சமயத்தில் எத்தனை பேரை இறக்குவார்கள் என்பதையும் கேட்டுவிடலாம். படகே இல்லாமலும் போகலாம். பார்படாசில் கடற்கரைகள் எல்லாம் பொதுச் சொத்து. துறைமுகத்தில் டாக்சி பிடித்தால் சில நிமிடங்களில் கார்லைல் விரிகுடா. நன்றாக நீந்தத் தெரிந்த நாலைந்து பேருக்கு அதுவே போதும். அங்கே ஆழமில்லாத நீரில் 1919இல் மூழ்கிய பெர்வின் என்ற இழுவைக் கப்பலும் பவளமும் மீன்களுமாகக் கிடக்கிறது.

நேரக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். கப்பல் கிளம்புவதற்குக் குறைந்தது அரை மணி நேரம் முன்பே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும் என்பது வழக்கம். நீங்களாக ஏற்பாடு செய்த பயணத்தில் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது. அதனால் அந்தக் கெடுவுக்கு இரண்டு மணி நேரம் முன்பே கரையேறிவிடுவது நல்லது. கடிகாரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. குளிர்காலத்தில் ஃபுளோரிடாவைவிடப் பார்படாஸ் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் வந்திருக்கலாம். இறங்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் காலையின் முதல் நேரத்தைப் பிடியுங்கள். காற்று ஏறியிருக்காது, பெரிய படகுகளும் வந்திருக்காது.

வெயிலுக்கு உடம்பெல்லாம் களிம்பு பூசுவதைவிட முழுக்கை நீச்சல் சட்டை மேல். ஆக்சிபென்சோன் கலந்த களிம்புகள் பவளத்தைப் பாதிக்கும் என்பதால் ஹவாய் அவற்றின் விற்பனையை 2021 முதல் தடுத்துவிட்டது. சட்டை ராணுவப் பச்சைக் கோலத்தில் மட்டும் இருக்கக் கூடாது. பார்படாசில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம். குழந்தைகளுக்கும் விலக்கில்லை.

மிதவைச் சட்டையை வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். அதைப் போட்டவரால் ஆமையைத் துரத்தி உள்ளே முங்க முடியாது என்பதாலேயே எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். முகக்கண்ணாடியை வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சிப் பாருங்கள். ஒட்டி நின்றால் அளவு சரி. உள்ளே பார்க்கும்போது கண் ஏமாற்றும். நீரிலிருந்து கண்ணாடிக்குப் பின்னுள்ள காற்றுக்கு வரும் ஒளி வளைவதால், 4 மீட்டரில் இருக்கும் ஆமை 3 மீட்டரில் இருப்பது போலவும், அசலைவிடப் பெரிதாகவும் தெரியும். கைக்கு எட்டிவிடும் என்று தோன்றி, முதல்முறை இறங்கும் எவருக்கும் கை தானாக நீளும். அந்தக் கையை மார்போடு கட்டிக்கொள்ளுங்கள்.

பிறகு காலை அடிக்காமல் மிதந்தால் போதும். கீழே பேராமை புல்லைக் கடிப்பதும், மணல் புகை போல எழும்புவதும் தெரியும். கொஞ்ச நேரத்தில் அது கடிப்பதை நிறுத்தித் தலையை உயர்த்தும். மேலே வரப்போகிறது என்று அர்த்தம். பக்கவாட்டில் மெல்ல ஒதுங்குங்கள். நீர்ப்பரப்பைக் கிழித்துக்கொண்டு தலை வெளியே வரும், புஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்கும், உங்கள் ஸ்நார்கெல் குழாய் வழியாக நீங்கள் இழுக்கும் அதே காற்றை அதுவும் இழுத்துக்கொண்டு மறுபடி புல்லுக்குப் போகும்.