பாடம் நடத்தவா? "பாரம்" நிரப்பவா?
சேலம், நாமக்கல் கிராமப் பள்ளி ஆசிரியர்களின் அன்றாடத் திண்டாட்டம்

காலை மணி ஒன்பதரை. கிராமத்துப் பள்ளிக்கூடம். பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்பில் வந்து உட்கார்ந்து விட்டார்கள். எல்லாரும் டீச்சரைப் பார்க்கிறார்கள். டீச்சரோ செல்போனைப் பார்க்கிறார்!

சினிமா பார்க்கவில்லை. வருகைப் பதிவை ஏற்றுகிறார். டவர் கிடைக்கவில்லை. வாசல்படிக்கு வருகிறார். அங்கேயும் இல்லை. வேப்ப மரத்தடிக்குப் போகிறார். அதற்குள் வகுப்பில் சந்தைக் கடை இரைச்சல்!

ஓமலூர், ராசிபுரம், சேந்தமங்கலம், ஆத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பேச்சின் சாரம் ஒன்றுதான். "பாடம் நடத்த விட்டாப் போதுங்க!"

இது பற்றிய விவரம் வருமாறு:-

ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்!

2009-ம் வருடத்துக் கட்டாயக் கல்விச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து! இருவரில் ஒருவர் தலைமை ஆசிரியர். கிளார்க் கிடையாது. பியூன் கிடையாது.

ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு கிளார்க் லீவு போட்டாலே பைல் நகராது. இங்கே கிளார்க்கே இல்லை. ஆனால் பைல் மட்டும் உண்டு. புத்தகம் வந்த கணக்கு, சீருடை கொடுத்த கணக்கு, ஸ்காலர்ஷிப், ஆதார், பாங்குக் கணக்கு எண்.... எல்லாம் தலைமை ஆசிரியர் தலையில்தான்.

வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்று அவர் பஸ் ஏறி விட்டால்? மிச்சமிருக்கும் ஒருவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். அன்றைக்குப் பாடம் நடந்த மாதிரிதான்!

அதே சட்டத்தின் 27-வது பிரிவு என்ன சொல்கிறது? மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் வேலை. இவை தவிர, கல்வி சாராத வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்துப் புள்ளி விவர வேலை இதில் மாட்டாது. "அது பள்ளிக்கூட வேலைதானே?" என்று சொல்லி விடலாம் அல்லவா!

"எமிஸ்" படுத்தும் பாடு

புள்ளி விவரங்களை ஏற்றும் கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்குப் பெயர் "எமிஸ்". ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு எண் உண்டு. நல்ல திட்டம்தான். ஒரு பிள்ளை படிப்பை நிறுத்தினால் தெரிந்து விடும். ஒரே பிள்ளையை இரண்டு பள்ளியில் காட்டி ஏமாற்ற முடியாது. குறை திட்டத்தில் இல்லை. அதை யார் தலையில் கட்டினார்கள் என்பதில் இருக்கிறது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கங்கள் 2023 அக்டோபரில் போராட்டம் அறிவித்தன. பேச்சுவார்த்தை நடந்தது. மாணவர் வருகைப் பதிவு தவிர மற்ற "எமிஸ்" வேலைகளில் இருந்து ஆசிரியர்களுக்கு விடுதலை என்று அரசு அறிவித்தது. ஆசிரியர்கள் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் ஆசிரியர் செய்யாவிட்டால் வேறு யார் செய்வது? அந்த "யார்" என்ற கேள்விதான் கிராமத்துச் சின்னப் பள்ளியில் இன்னும் நிற்கிறது.

பலகை மாறியது.... பாதை?

சென்னை மாகாணத்தில் 1855-ல் கல்வித்துறைக்கு முதல் டைரக்டர் வந்தார். அன்று தொடங்கிய "மேலிடத்து உத்தரவு" இன்றும் ஓயவில்லை.

சமீபத்திய கூத்தைப் பாருங்கள். 2018-ல் மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் பதவியை எடுத்தார்கள். முதன்மைக் கல்வி அலுவலருக்கு அதிகாரம் கூடியது. 2021-ல் இயக்குநரின் அதிகாரம் ஆணையருக்குப் போனது. 2022-ல் தொடக்கக் கல்விக்குத் தனியாக மாவட்ட அலுவலர் மறுபடி வந்தார். 2023-ல் இயக்குநர் மறுபடி வந்தார். ஐந்து வருடத்தில் நாலு மாற்றம்!

அறைக்கு வெளியே தொங்கும் பலகை மாறியது. ஓட்டை ஓடு மாற்றக் கடிதம் போகும் பாதை மாறியதா?

"சேர்மன்" காலம்

"அப்படியானால் அதிகாரத்தை உள்ளூரிலேயே கொடுத்து விட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். பொறுங்கள்! அதற்கும் ஒரு பழைய கதை உண்டு.

ஒரு காலத்தில் கிராமப் பள்ளிகள் பஞ்சாயத்து யூனியன் வசம் இருந்தன. சேர்மன் மனசு வைத்தால் வீட்டுப் பக்கம் வேலை. கோபித்துக் கொண்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்! ஓய்வு பெற்ற பெரியவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். 1981 ஜூன் 1-ந் தேதி எம்.ஜி.ஆர். ஆட்சியில் யூனியன் ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனார்கள். ஆசிரியர்கள் கொண்டாடினார்கள். எஜமான் மாறினார். பள்ளிக்கூடத்துக்கென்று அதிகாரம் வரவில்லை.

2022-ல் இன்னொரு பரீட்சை. 13,331 காலி இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்ப அரசு உத்தரவிட்டது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய். பட்டதாரிக்கு 10,000. முதுநிலைக்கு 12,000. உடனே "சிபாரிசு புகுந்து விடும்" என்று எதிர்ப்புக் கிளம்பியது. விவகாரம் ஐகோர்ட் மதுரைக் கிளை வரை போனது. தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கு முன்னுரிமை என்று வரைமுறை வந்தது.

பாடம் என்ன? பள்ளிக்கு அதிகாரம் வேண்டும். ஆனால் கணக்குக் கேட்க ஆளும் வேண்டும்!

யார் கேட்பது?

அந்த ஆள் வேறு யாரும் இல்லை. பெற்றோர்தான். 2022-ல் அமைத்த மேலாண்மைக் குழுவில் 20 பேர். அதில் 15 பேர் பெற்றோர். தலைமை ஒரு தாய்க்கு. 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள்.

ஆனால் குழுவின் கையில் எவ்வளவு பணம்? ஒருங்கிணைந்த கல்வித் திட்ட விதிப்படி, 30 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு வருடம் 10 ஆயிரம் ரூபாய். 100 பிள்ளைகள் வரை 25 ஆயிரம். சுண்ணாம்பு அடித்தால் குழாய்க்கு இல்லை. குழாய் போட்டால் பல்புக்கு இல்லை! அந்தத் திட்டத்தில் 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயையும் டெல்லி நிறுத்தி வைத்தது. மேலே இரண்டு பேர் சண்டை. கீழே சாக்பீஸ் டப்பா காலி!

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை அல்ல. ஒரு விவரத்தை ஒரு தடவை கேட்டால் போதும். கூட்டங்களைப் பள்ளி விட்ட பிறகு வைக்கலாம். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் நாலுக்குச் சேர்த்து ஒரு கிளார்க் போடலாம். சில்லறை ரிப்பேருக்கு மேலிடத்து உத்தரவு வேண்டாம். குழுவின் தீர்மானமே போதும் என்று சொல்லலாம். செலவுக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டி விட்டால் ஊரே ஆடிட்டர்!

லாரி பாடி கட்டும் நாமக்கல்காரருக்கும், தறி ஓட்டும் சேலத்துக்காரருக்கும் ஒரு சங்கதி தெரியும். வேலை தெரிந்தவனை வேலை செய்ய விட்டால்தான் சரக்கு ஒழுங்காக வரும். நிமிடத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டுக் கணக்குக் கேட்டால் தறி நின்று போகும்.

அடுத்த தடவை உங்கள் ஊர்ப் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டம் என்றால், ஒரு மணி நேரம் கடையை யாரிடமாவது பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப் போய் உட்காருங்கள். "இந்த வாரம் எத்தனை பாரம் நிரப்பினீங்க?" என்று கேட்காதீர்கள். "எத்தனை பாடம் நடத்தினீங்க?" என்று கேளுங்கள்.

டீச்சரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்!