ஓடும்போதே நின்று போகும் பழைய கார்: காசை கொட்டும் முன் இதை கவனிங்க!

சேலம்,

மாருதி 800 கார் தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. அதே ஆண்டு மே மாதம் அம்பாசிடர் தயாரிப்பும் நின்று போனது. ஆனாலும் நம்ம ஊர் ரோடுகளில் இந்த பழைய வண்டிகள் இன்னமும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பழைய காரை குறைந்த விலைக்கு வாங்கி, அதை நம்பியே பிழைப்பு நடத்துகிறவர்கள் ஏராளம்.

இவர்களை பாடாய் படுத்தும் பிரச்சினை, போய்க்கொண்டிருக்கும்போதே என்ஜின் கட் ஆவது. ஒர்க்ஷாப்புக்கு கொண்டு போனால் இன்று பிளக் மாற்று, நாளை காயில் மாற்று, அப்புறம் கார்பரேட்டரை கழற்று என்று செலவு ஏறுகிறது. மூன்றையும் மாற்றிய பிறகும் வண்டி நிற்கும்.

காரணம், மெக்கானிக் கைக்கு போகும்போது வண்டி நன்றாகவே ஓடுகிறது. நிற்கும் நேரத்தில் பார்த்தால்தான் கோளாறு பிடிபடும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது டிரைவர் மட்டுமே. அவர் கவனிக்க வேண்டியவை வருமாறு:-

எப்படி நின்றது?

சாவியை திருப்பி அணைத்தது போல ஒரே அடியாக நின்றால், பெரும்பாலும் கரண்ட் கோளாறு. பேட்டரி டெர்மினல், எர்த் வயர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

திணறி, குலுங்கி, இழுவை குறைந்து மெதுவாக நின்றால் பெட்ரோல் போய் சேரவில்லை என்று அர்த்தம். பில்டர் அடைப்பு, டேங்கில் துரு, பம்பு பலவீனம் என்று தேட வேண்டும். வண்டி நின்றதும் டேங்க் மூடியை திறந்து பாருங்க. உஸ் என்று காற்று உள்ளே இழுத்து, அதன்பின் வண்டி ஓடினால், மூடியில் உள்ள காற்று துவாரம் அடைத்திருக்கலாம். இதற்கு செலவு மிகவும் குறைவு.

மழையில் மட்டும் நின்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும், பிளக் வயர்களிலும் ஈரம் இறங்குகிறதா என்று பார்க்கணும்.

சூடானால் நிற்கிறதா?

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வெயிலில் ஏறும்போது பாதியில் நிற்கும் கார், அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். இதற்கு 2 காரணங்கள் உண்டு. சூட்டில் காயில் வேலை செய்யாமல் போவது ஒன்று. குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி, பம்பு இழுக்க முடியாமல் போவது இன்னொன்று. அதனால்தான் பழைய டிரைவர்கள் பம்பு மீது ஈரத்துணி போடுவார்கள்.

இரண்டில் எது என்பதை ஆறுவதற்குள் பார்க்கணும். கார்பரேட்டர் வண்டியில் ஏர் பில்டரை கழற்றி, ஆக்சிலேட்டரை அழுத்தினால் உள்ளே பெட்ரோல் பீய்ச்சுவது தெரியும். பீய்ச்சினால் பெட்ரோல் வருகிறது, கரண்ட்டை பாருங்க. பீய்ச்சாவிட்டால் பெட்ரோல் பக்கம் போங்க. அப்போது பீடி, சிகரெட், தீக்குச்சி பக்கத்திலேயே வரக்கூடாது.

எம்.பி.எப்.ஐ. வண்டியில் சாவியை ஆன் செய்ததும் பின்பக்கம் 2 வினாடி ர்ர்ர் என்று பம்பு சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் பியூஸ், ரிலே, பம்பு ஆகியவற்றில் ஒன்று போயிருக்கும்.

சிக்னலில் மட்டும் நின்றால்

ஓட்டத்தில் நன்றாக இருந்து, கால் எடுத்ததும் நின்றால் ஸ்லோ ஜெட் அடைப்பு, ஐட்லிங் குறைவு, வேக்குவம் குழாயில் வெடிப்பு என்று பார்க்க வேண்டும். 2025-ல் நாடு முழுவதும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. பழைய கார்களின் ரப்பர் குழாய்கள் இதற்காக செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறிப்போயோ, வெடித்தோ இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். பெட்ரோல் கசிந்தால் தீப்பிடிக்கும் அபாயமும் இருக்கிறது.

உயிருக்கு ஆபத்து

மலை இறக்கத்தில் என்ஜின் நின்றால், பூஸ்டர் உள்ள கார்களில் 2, 3 மிதிக்கு மேல் பிரேக் கல்லாகிவிடும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். கியரை நியூட்ரலுக்கு கொண்டு போகாதீர்கள். ஓரம் கட்டி ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்கு கல் கொடுங்கள்.

ரெயில்வே கேட்டில் நின்றால் முதல் வேலை, உள்ளே இருப்பவர்களை இறக்குவது. ரெயில் வரும் அறிகுறி இல்லை என்றால் மட்டும் முதல் கியர் போட்டு, கிளட்சை மிதிக்காமல் சாவியை திருப்புங்கள். பேட்டரியில் சார்ஜ் இருந்தால், ஸ்டார்ட்டர் மோட்டாரே பழைய வண்டியை தண்டவாளத்தை தாண்டி நகர்த்தி விடும்.

எழுதி வையுங்க

வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, வெயிலா மழையா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், எத்தனை நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது என்று ஒரு துண்டு பேப்பரில் குறித்து வையுங்கள். சும்மா "வண்டி நிக்குது" என்று சொன்னால் மெக்கானிக் குத்துமதிப்பாகத்தான் கை வைப்பார். அந்த பேப்பரை காட்டினால் நேராக கோளாறுக்கு போவார். உங்க கூலிப்பணமும் மிஞ்சும்.