கண்ணகி எந்தக் கரையில் நடந்தாள்?

போன லீவில் வைகை அணைக்குப் போயிருந்தோம். மதகுப் பக்கம் நின்றுகொண்டு மகள் கேட்டாள்: "அப்பா, கண்ணகி இந்த டேமைத் தாண்டியா போனாங்க?" அணை கட்டி முடித்தது 1959-ல். ஆனால் கேள்வியில் விஷயம் இருக்கிறது.

மதுரை எரிந்த பிறகு கண்ணகி மேற்கு வாசல் வழியாக வெளியேறுகிறாள். கொற்றவை கோயில் வாசலில் வளையலை உடைக்கிறாள். மேடு பள்ளம் பார்க்காமல் வைகையின் ஒரு கரையைப் பிடித்து நடந்து, நெடுவேள் குன்றம் ஏறி, வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். பதினாலாம் நாள் கோவலன் வானுலகத்திலிருந்து வந்து அழைத்துப் போகிறான். இது சிலப்பதிகாரக் கதை.

அந்தக் குன்றம் எது? திருச்செங்கோடு என்றார்கள், கொடுங்கோளூர்ப் பக்கம் என்றும் சொன்னார்கள். திருச்செங்கோடு காவிரிப் பக்கம். வைகைக் கரையோடு நடந்தால் அங்கே போய்ச் சேர முடியாது. 1963-ல் பேராசிரியர் சி. கோவிந்தராசன், கூடலூருக்கு மேலே எல்லை மலையில் இடிந்து கிடந்த மங்கலதேவி கோயில்தான் அது என்று அடையாளம் காட்டினார். மதுரையிலிருந்து சுமார் 130 கி.மீ. பதினாலு நாளில் என்றால் தினம் பத்து கி.மீ.கூட இல்லை. கணக்கு சரியாகவே வருகிறது.

ஆனால் மேப்பைத் திறந்தால் ஒரு சிக்கல். பழைய மதுரை இருப்பது தென்கரையில். அந்தக் கரையை விடாமல் மேலே போனால் அணையைத் தாண்டி வருசநாட்டுக்குத்தான் போவோம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் ஆறு வந்து சேர்வது எதிர்க்கரையில். அப்படியென்றால் கண்ணகி எங்கேயோ ஆற்றைக் கடந்திருக்க வேண்டும். மதுரைக்குள் வரும்போது கோவலனோடு தெப்பத்தில் கடந்த அதே ஆறு, இப்போது தனியாக. மேலே போகப் போக ஆறு சிறுக்கும் என்பதால், அணைக்கும் மேற்கே கடந்திருப்பாள் என்பது என் ஊகம்.

இன்னொன்று தேதி. மதுரை எரிந்தது ஆடி மாதம், தேய்பிறை அஷ்டமி என்று காப்பியமே சொல்கிறது. பதினாலு நாள் கூட்டினால் வளர்பிறை சப்தமி வாக்கில், அரை நிலா. கோயில் திறப்பதோ வருஷத்துக்கு ஒரே நாள், சித்ரா பௌர்ணமி. ஆக, விழா நாள் கண்ணகி விண்ணேறிய நாள் இல்லை.

இதையெல்லாம் சில வருஷம் முன்னால் பளியன்குடி வழியாக மலை ஏறும்போது அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆறு கி.மீ.க்கு மேல் ஏற்றம், அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மேலே, புலிகள் காப்பகக் காட்டுக்குள், பாதி சரிந்த கருங்கல் சுவர்கள். இரண்டு மாநிலப் போலீஸ், இரண்டு மாநில பக்தர்கள், நீண்ட வரிசை.

அப்பா போனதிலிருந்து அம்மா கண்ணாடி வளையல் போடுவதில்லை. அன்றைக்குப் பையிலிருந்து ஒரு டஜன் பச்சை வளையலை எடுத்து கண்ணகி முன்னால் வைத்தார். எப்போது வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. இறங்கும்போது கேட்டேன்.

"அவ உடைச்சுட்டுத்தானே வந்தா," என்றார்.

அன்றைக்கு அப்புறம் நான் தேதிக் கணக்கைப் பற்றிப் பேசவில்லை. மகளிடம் மட்டும் அணையில் சொன்னேன்: "டேமைத் தாண்டி இல்லம்மா, ஆத்தைத் தாண்டி."