தீர்த்தன் ஆற்றங்கரையில்: கரடி வாழும் காட்டில் ஒரு நடை

தசரா விடுமுறையில் குலுப் பள்ளத்தாக்கைக் காணச் செல்லும் தில்லித் தமிழன்பர்கள் பலர். அவர்கள் ஔட் என்னுமிடத்தில் பெருஞ்சாலையை விட்டு விலகி, பஞ்சார் வழியாகக் குஷைனி என்னும் சிற்றூரை அடைவாராயின், தீர்த்தன் ஆற்றின் எழிலைக் கண்ணாரக் காணலாம். அங்கிருந்து ஆற்றையொட்டிய ஒற்றையடிப் பாதையில் 8 முதல் 10 கிலோமீட்டர் ஏறிச் சென்றால், பெரும் இமயத் தேசியப் பூங்காவின் வாயிலாகிய ரோலா வரும். 1999-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற இக்காட்டை, 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்றுக்கொண்டது. உள்ளே செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும்.

சென்ற ஆண்டு நாங்கள் குடும்பத்துடன் சென்றபோது, உள்ளூர் வழிகாட்டி ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டோம். தேவதாருவும் கருவாலியும் அடர்ந்த சரிவுகள். கீழே பாறைகளில் மோதி நுரைத்தோடும் வெண்புனல். காட்டில் கூச்சலிடலாகாது என்று எண்ணி, பிள்ளைகளை வாய்மூடி நடக்குமாறு நான் வழி நெடுகக் கண்டித்துக்கொண்டே வந்தேன். அவர்களும் ஓசையின்றி முன்னே ஓடினர்.

ஒரு வளைவில் வழிகாட்டி சட்டென்று பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தினார். பாதையில் பழத்தோலும் விதையும் கலந்த புதிய எச்சம் கிடந்தது. அவர் கைத்தடியால் பாறையைத் தட்டி உரக்கக் குரல் கொடுத்தார். சிறிது தொலைவில் புதர் அசைந்தது. கரிய உருவமொன்று சரிவில் ஏறி மறைந்தது. "சாஹிப், இங்கே பிள்ளைகளைப் பேசவிடுங்கள்" என்றார் அவர்.

அதன் காரணத்தைப் பின்னர் விளக்கினார். ஆற்றின் இரைச்சலில் நம் காலடி கரடிக்குக் கேளாது. அதன் அரவமும் நமக்குக் கேளாது. காற்று நம்மை நோக்கி வீசினால், மோப்பத்தில் வல்ல அவ்விலங்கும் நம்மை அறியாது. மார்பில் வெண்பிறை தாங்கிய இமயக் கருங்கரடி, மனிதனைத் தேடிவந்து தாக்குவது அரிது. எதிர்பாராது எதிர்ப்படும்போதும், குட்டிகளுடன் இருக்கும்போதுமே பெரிதும் பாய்கிறது. பனிக்கால உறக்கத்திற்குமுன் உடலைப் பெருக்க, இலையுதிர் காலத்தில் கருவாலிக் கொட்டைகளையும் கனிகளையும் நாடி அலைவதால், தசராப் பருவத்தில் கூடுதல் விழிப்பு வேண்டும்.

ஆகவே இவ்வழி செல்வோர் சில முறைகளைக் கைக்கொள்ளல் நலம். கூட்டமாக நடக்கவேண்டும், சிறுவர்களை முன்னே விடலாகாது. வளைவுகளிலும் நீரிரைச்சல் மிக்க இடங்களிலும் உரக்கப் பேசவேண்டும். விடியலிலும் அந்தியிலும் நடை தவிர்க்கவேண்டும். தின்பண்ட மிச்சங்களை எறிதல் கூடாது. கரடி எதிர்ப்பட்டால் ஓடுவதும் மரமேறுவதும் வீண்; ஓட்டத்திலும் மரமேறுவதிலும் அது நம்மினும் வல்லது. அதன்மேல் பார்வையை வைத்தபடி மெல்லப் பின்வாங்கவேண்டும். பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, கைகளால் பிடரியையும் தலையையும் காத்துக்கொள்ள வேண்டும்.

அக்காடு கரடியின் இல்லம், நாம் விருந்தினர். பிறர் இல்லம் புகுவோர் வாயிலில் நின்று குரல் கொடுப்பது நம் மரபன்றோ? திரும்பும் வழியெல்லாம் பிள்ளைகள் தமிழில் கதை பேசிக்கொண்டே வந்தனர். நான் தடுக்கவில்லை.