வாசலைத் தாண்டிய மருத்துவமனை

1937 கோடையில் கனடாவின் டொராண்டோ நகரைப் போலியோ பிடித்தது. மார்புத் தசைகள் செயலிழந்து, மூச்சுக்குத் திணறும் பிள்ளைகளை ஊரின் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தூக்கிவந்தார்கள். அவர்களைக் காப்பாற்ற 'இரும்பு நுரையீரல்' வேண்டும். தலை மட்டும் வெளியே இருக்க, உடலை உள்ளே வைத்து மூடி, காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கி மார்பை விரிந்து சுருங்கச் செய்யும் பெட்டி அது. மருத்துவமனையில் இருந்ததோ ஒன்றே ஒன்று. இன்னொன்றை வரவழைக்க நேரமில்லாததால், ஊழியர்களே கைக்குக் கிடைத்த மரத்தைக் கொண்டு அவசரமாக ஒன்றைச் செய்துவிட்டார்கள். பிறகு கட்டடத்தின் அடித்தளமே பட்டறையாக மாறியது. ஆறு வாரங்களில் 27 பெட்டிகள் தயாராயின. பல வெளியூர்களுக்கும் போயின.

அந்த மருத்துவமனையின் முழுப்பெயர் 'ஹாஸ்பிடல் ஃபார் சிக் சில்ட்ரன்'. ஊரார் 'சிக்கிட்ஸ்' என்பார்கள். இலங்கையிலிருந்து போய் டொராண்டோ, ஸ்காபரோ பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் பழக்கப்பட்ட பெயர்தான். பெற்றோருக்காக மருத்துவமனை நடத்தும் இணையதளத்தில் தமிழ்ப் பக்கங்களும் உண்டு.

தொடங்கியபோது அது ஒரு வாடகை வீடு. 1875இல் எலிசபெத் மக்மாஸ்டர் என்ற பெண்மணியும் அவருடைய தோழிகளும் ஆண்டுக்கு 320 டாலர் வாடகைக்குப் 11 அறைகள் கொண்ட வீட்டைப் பிடித்து, ஆறு இரும்புக் கட்டில்களைப் போட்டார்கள். ஏப்ரல் 3ஆம் தேதி முதல் நோயாளி வந்தாள். வெந்நீர் பட்டு வெந்துபோன சிறுமி, பெயர் மேகி. முதல் ஆண்டில் 44 குழந்தைகள் தங்கிச் சிகிச்சை பெற்றார்கள். 67 பேர் வெளிநோயாளிகளாக வந்துபோனார்கள்.

மக்மாஸ்டர் மருத்துவம் படித்தவரல்லர். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு சிகாகோவுக்குப் போய்ச் செவிலியர் பயிற்சி பெற்றுத் திரும்பினார். அதற்குள் நிர்வாகத்தின் கடிவாளம் இன்னொருவர் கைக்கு மாறிக்கொண்டிருந்தது. 1892இல் மக்மாஸ்டர் விலகினார்.

அந்த இன்னொருவர் ஜான் ராஸ் ராபர்ட்சன், 'ஈவினிங் டெலிகிராம்' பத்திரிகையின் அதிபர். 1881இல் ஸ்கார்லெட் காய்ச்சலுக்குத் தன் மகளைப் பறிகொடுத்தவர். இரண்டே ஆண்டுகளில், டொராண்டோ தீவில் ஏரிக்கரையோரம் நோயாளிக் குழந்தைகள் கோடைக்காலத்தைக் கழிக்க ஓர் இல்லம் கட்டிக்கொடுத்தார். மருத்துவமனைக்காகத் தன் பத்திரிகையின் வழியாகவே நன்கொடை திரட்டினார். காலேஜ் தெருவில் சொந்தக் கட்டடம் எழுந்தது. 1951இல் இப்போதுள்ள யுனிவர்சிட்டி அவென்யூவுக்கு மாறும்வரை, 60 ஆண்டுகள் அதுவே இருப்பிடம். 

காலேஜ் தெருவில் இருந்த காலத்தில் நகரத்துப் பால் ஆபத்தான பண்டம். டைபாய்டும் காசநோயும் வயிற்றுப்போக்கும் பால் வழியாகவே குழந்தைகளுக்குத் தொற்றின. எத்தனை பேரைக் குணப்படுத்தி அனுப்பினாலும், வீட்டில் காத்திருப்பது அதே பால்தானே! 1908இல் மருத்துவமனை தன் வளாகத்திலேயே பாலைப் பதப்படுத்தும் நிலையத்தை நிறுவியது. கொதிநிலைக்குக் கீழே குறிப்பிட்ட நேரம் சூடாக்கி, உடனே குளிரவைத்துக் கிருமிகளைக் கொல்லும் இந்த முறையை ஒன்டாரியோ மாகாணம் சட்டப்படி கட்டாயமாக்கியது 1938இல்தான்.

அடுத்தது கஞ்சி. பிரெடரிக் டிஸ்டால், தியோடர் டிரேக், ஆலன் பிரவுன் ஆகிய மூன்று மருத்துவர்கள் 1930இல் குழந்தைகளுக்கான சத்துணவு ஒன்றை உருவாக்கினார்கள். கோதுமை, ஓட்ஸ், சோளமாவு, கோதுமை முளை, ஈஸ்ட், எலும்புத்தூள் எல்லாம் கலந்து, வேகவைத்து, உலர்த்திய பொடி. நம் சத்துமாவுபோல அடுப்பில் வைத்துக் கிளற வேண்டியதில்லை. சூடான நீரோ பாலோ ஊற்றினால் போதும். 'பாப்லம்' என்ற பெயரில் மீட் ஜான்சன் நிறுவனம் அதைக் கடைகளுக்குக் கொண்டுபோனது. 25 ஆண்டுகள் மருத்துவமனைக்கு வந்த உரிமத்தொகை, ஆராய்ச்சிக்கு உதவியது.

வார்டுக்குள்ளும் பெரிய காரியங்கள் நடந்தன. பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட சிறிது காலத்திலேயே, கிளாடிஸ் பாய்டு என்ற மருத்துவர் அதைச் சிக்கிட்ஸின் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். 1963இல் வில்லியம் மஸ்டர்டு, இதயத்தின் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறிப் பிறந்து, உடல் நீலம்பாரித்த குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சையைச் செய்துகாட்டினார். குழாய்களை அவர் தொடவில்லை. இதயத்தின் மேலறைகளுக்குள் ரத்தம் போகும் வழியைத் திருப்பிவிட்டார். 1989இல், ஷாங்காயில் பிறந்து ஹாங்காங்கில் வளர்ந்த லாப்-சீ சுய் தலைமையிலான குழு, அமெரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து, நுரையீரலைச் சளியால் அடைக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்குக் காரணமான மரபணுவைக் கண்டறிந்தது.

இப்படி வளர்ந்த நற்பெயர்தான் பின்னாளில் ஒரு பெரிய கேட்டுக்கும் துணைபோனது. மருத்துவமனையின் 'மதரிஸ்க்' ஆய்வகம், பெற்றோரின் தலைமுடியைச் சோதித்து, அவர்கள் போதைப்பொருளோ மதுவோ பயன்படுத்தினார்களா என்று சான்று கொடுத்துவந்தது. சிக்கிட்ஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று குழந்தைப் பாதுகாப்பு அமைப்புகளும் நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்டன. அந்தச் சோதனைகள் சட்ட நடவடிக்கைகளில் நம்பத் தகுதியற்றவை என்று 2015இல் அரசு அமைத்த ஆய்வு தெரிவித்தது. அதே ஆண்டில் ஆய்வகம் மூடப்பட்டது. மருத்துவமனை மன்னிப்புக் கேட்டது. அதன்பின் ஓர் ஆணையம் 1,271 வழக்குகளைப் பிரித்துப் பார்த்தது. அவற்றில் 56 வழக்குகளில், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த முடிவுக்கு இந்தச் சோதனை பெரிதும் காரணமாக இருந்தது என்று 2018இல் அறிக்கை தந்தது.